தவளை வண்டி நின்ற இடம்

அண்ணே, வண்டி அங்கயே நிக்கட்டும், நீங்க இப்பிடி நெழலுக்கு வாங்க. அவங்க சாமானெல்லாம் ஏத்தி முடிக்க இன்னும் ஒரு மணி நேரமாவது ஆவும். பீரோ இன்னும் அசையவே இல்ல. கட்டில வேற கழட்டணும். நானும் காலையிலேருந்து இந்த வேப்பமரத்தடியில உக்காந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

நான் யாரா? உங்களுக்கு போன் பண்ணி வண்டி கேட்டுதே ஒரு அம்மா, பச்சப் புடவ, அஞ்சலாட்சி, அதுக்கு அண்ணன். பெரியப்பா பையன் சித்தப்பா பையன் இல்ல, ஒரே வயித்துல பொறந்தவன். கலியமூர்த்தின்னு பேரு. கூடப் பொறந்தவ வீடு காலி பண்றப்ப ஒரு சட்டி பானை தூக்கிக் குடுக்காம ரோட்டுக்கு இந்தாண்ட உக்காந்திருக்கானேன்னு பாக்கறீங்க. பாக்கத்தான் செய்வீங்க. போனேண்ணே. ஏழு மணிக்கே போனேன். வாசல்ல கெடந்த தலகாணி மூட்டையத் தூக்கினேன். வந்து என் கையிலேருந்து வாங்கி, எடுத்த எடத்துலயே வச்சிட்டா. 'வுடுண்ணா'ன்னு ஒரு வார்த்த? கெடையாது. திட்டினாக்கூட வாங்கிக்குவேன். பதினோரு மாசமா பேச்சே இல்ல. மாசா மாசம் வரேன், பழம் பிஸ்கட்டு வாங்கிக்கிட்டு. அந்தப் பை வாசல் ஓரமா வச்சது வச்ச மேனிக்கே கெடக்கும். போறப்ப ஆடு மேஞ்சிக்கிட்டு இருக்கும்.

எந்த ஊருக்கு வாடகை பேசினாங்க? செஞ்சிப் பக்கமா, இல்ல பாண்டிப் பக்கமா? சரி, இருக்கட்டும். டீ சொல்லியிருக்கேன், வரட்டும்.

நீங்களும் ஸ்டியரிங் புடிக்கிற ஆளு, உங்களுக்குச் சொன்னாப் புரியும். இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு மண்ணும் புரியாது. நான் ஓட்டறது சதுப்புல போற வண்டி. பொக்லைன் பாத்திருப்பீங்க இல்ல? அதே பொக்லைன்தான். ஆனா அடியில டயரும் கெடையாது, சாதா செயினும் கெடையாது. ரெண்டு இரும்புப் பெட்டி, ஒவ்வொண்ணும் ஒரு பஸ்சு நீளத்துக்கு இருக்கும். உள்ள வெறும் காத்துதான். அந்தப் பெட்டியச் சுத்தித்தான் செயின் ஓடும். தண்ணியில மெதக்கும், சேத்துல ஊரும், கரையில ஏறும். ஆபீஸ்ல ஆம்பிபியன்னு சொல்லுவாங்க. கரையில நின்னு வேடிக்க பாக்கற ஜனங்க தவள வண்டிம்பாங்க. எனக்கு அந்தப் பேருதான் புடிக்கும். இருபத்தி ரெண்டு டன்னுண்ணே. மனுஷன் கால் வைக்க முடியாத எடத்துல அது பாட்டுக்கு நின்னு ஆகாயத்தாமரைய அள்ளிக்கிட்டு இருக்கும். நெல்லறுக்கற செயின் வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தவன்தான் நான். இதுக்கு மாறினேன். நம்ம ஜில்லாவுல இத ஓட்டத் தெரிஞ்சவன் என்னையும் சேத்து மூணே பேரு. அதுல ஒருத்தன் துபாய் போயிட்டான்.

தங்கச்சி புருஷன் தாமோதரன் இந்த ஊரு உப்பளத்துல வேல பாத்தவரு. அவங்க அப்பா வீராசாமி மாமாவும் உப்பளம்தான். அதோ வாசல்ல ஸ்டூலப் போட்டு உக்காந்திருக்காரே, தோள்ல துண்டு, அவருதான். நாப்பது வருஷம் சேத்துலயும் உப்புலயும் நின்ன காலு. அந்த வேலையில பாதம் வெடிச்சுப் போவுது, மழ வந்தா வேல கெடையாது, வெயில்ல கண்ணு கூசுது. பாவமேன்னு நான்தான் மாப்ளைய என் வண்டிக்கு ஹெல்பரா கூட்டிக்கிட்டுப் போனேன். இத நல்லா கேட்டுக்குங்க. நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். இன்னைக்கு மூஞ்சத் திருப்பிக்கறாங்களே, அன்னைக்கு அதே வாசல்ல எனக்கு ஆரத்தி எடுக்காத கொறதான்.

வீட்ல நான் அவர 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள'ன்னுதான் கூப்புடுவேன். தங்கச்சி புருஷனாச்சே, மரியாத இருக்குல்ல. ஆனா வண்டில ஏறிட்டா அது நடக்குமா? இன்ஜின் போடற சத்தத்துல 'மாப்ள, கொஞ்சம் கிரீஸ் வைங்க மாப்ள'ன்னு கெஞ்சிக்கிட்டு இருந்தா வேல ஓடுமா? வண்டில அவன் ஹெல்பரு, நான் ஆபரேட்டரு. வாடா போடாதான். மொத நாள் ஒரு மாதிரி பாத்தான். அப்புறம் பழகிடுச்சு. சாயங்காலம் கரைக்கு வந்து கை கால் கழுவினதும் மறுபடியும் 'வாங்க மாப்ள'. எங்களுக்கே சிரிப்பு வரும்.

வேலக்காரண்ணே அவன். பொய் சொல்லக் கூடாது. ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு ஆவாது. புதுசா எங்க கால வைக்கறதா இருந்தாலும், அங்க நிக்கறவனப் பாத்து 'நிக்குமா?'ன்னு கேப்பான். அவங்க வீட்டுப் பழக்கமாம் அது. உப்புப் பாத்தியில எந்த எடம் கெட்டி, எந்த எடம் எளக்கம்னு முன்னாடி நிக்கறவனுக்குத்தான தெரியும்? அவன் 'நிக்கும்'னு சொன்னா கால வைக்கணும். சொல்லலன்னா வைக்கக் கூடாது. சொன்னவன் பொறுப்பு. மாமா அப்பிடிச் சொல்லி வளத்திருக்காரு. அதுக்காகக் கரையிலேருந்து வண்டிக்குப் போட்ட பலகையில ஏறவுமா கேப்பாங்க? 'நிக்குமா மச்சான்?' 'நிக்கும்டா, ஏறித் தொலடா.' படகுல ஏறணுமா, 'நிக்குமா மச்சான்?' ஒரு நாளைக்குப் பத்து தடவ. எரிச்சலா வரும்.

போன வருஷம் மழைக்கு முன்ன மெட்ராஸுக்குத் தெக்க ஒரு ஏரியில வேல. பேரு வேணாம். ஏரின்னு பேருதான், முழுக்க சதுப்பு. அன்னைக்குப் பெரிய ஆபீசருங்க வண்டியப் பாக்க வராங்கன்னு காண்ட்ராக்டர் தனசேகர் காலையிலேருந்து வெள்ள சட்டையோட குட்டி போட்ட பூன மாதிரி சுத்தறாரு. கரையில ஷாமியானா, நாக்காலி, எளநி. வந்தாங்க. நான் வண்டிய நடு ஏரிக்குக் கொண்டு போயி ஒரு ரவுண்டு அடிச்சேன். கை தட்டினாங்கண்ணே. ஆபீசருங்க. எனக்கு. என் ஆயுசுல அதுக்கு முன்னயும் யாரும் தட்டினதில்ல, பின்னயும் தட்டப் போறதில்ல.

ரெண்டாவது ரவுண்டுல எடது பக்க செயின் நின்னு போச்சு. எவனோ தூக்கிப் போட்ட மீன் வலை, நைலான் வலை, பல்சக்கரத்துல சுத்திக்கிச்சு. அது ஒண்ணும் புதுசு இல்ல, வாரத்துக்கு ரெண்டு தடவ ஆவறதுதான். படகு வரும், ஹெல்பர் படகுல நின்னுக்கிட்டு கத்தியால அறுத்துடுவான். படகு இல்லியா, கதவு மாதிரி ஒரு பலகைய செடி மேல போட்டு, அதுல குப்புறப் படுத்து அறுப்பான். அன்னைக்குப் படகுல ஆபீசருங்கள ஏத்திக்கிட்டு போட்டோ புடிக்கப் போயிட்டாங்க. பலகை? அத கேக்காதீங்க. ஷாமியானா முன்னாடி சொதசொதன்னு இருந்துச்சாம், ஆபீசருங்க ஷூ அழுக்காவக் கூடாதுன்னு பலகைய எடுத்து அங்க போட்டுட்டாங்க. இதுல என் தப்பு எங்க இருக்குது, சொல்லுங்க. பலகைய எடுத்தது நானா?

தனசேகர் கரையிலேருந்து கர்ச்சீப்ப வீசறாரு. போன் மேல போன். 'என்னாய்யா நிக்குது, மானம் போவுதுய்யா.' இப்பத்தான் கை தட்டினாங்க. கரையில இருந்தவங்க எல்லாரும் எழுந்து நின்னு பாக்கறாங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது. கேபின்லேருந்து தலைய நீட்டிப் பாத்தேன். மாப்ள பெட்டி மேல கத்தியோட நின்னுக்கிட்டு இருந்தான். கீழ ஆகாயத்தாமரை பாய் விரிச்ச மாதிரி கெடக்கு, ஒரே பூவு. கீழ பாத்தான். என்னப் பாத்தான். எறங்கிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

டீ வந்துருச்சு, புடிங்க. சக்கர போதுமா?

இடுப்பு வரைக்கும் ஒரே மூச்சுல போயிட்டான்ணே. தண்ணின்னா நீந்தலாம், மண்ணுன்னா நிக்கலாம், அது ரெண்டும் இல்ல. நான் வண்டியோட மண்ணள்ளற பக்கெட்ட நீட்டினேன். கைய தூக்கினான். பக்கெட்டுப் பல்ல ஒரு தடவ புடிச்சான். பாசி, வழுக்கிடுச்சு. நான் மறுபடி எறக்கறதுக்குள்ள செடி மூடிக்கிச்சு. நீ குதிக்கலியான்னு ஊர்ல ஒருத்தன் கேக்கறான். நான் எப்பிடி குதிப்பேன்? ஆபரேட்டர் சீட்ட விட்டு எறங்கக் கூடாதுன்னு ரூலு. ரூலு தெரியாம ஒண்ணும் நான் வண்டி ஓட்டல.

யார் யாரோ வந்தாங்க, கயிறு போட்டாங்க, ஒருத்தனாலயும் முடியல. கடைசியில படகுல வந்து வலைய அறுத்து விட்டாங்க. நான்தான் எடுத்தேன். அதே வண்டி, அதே பக்கெட்டு. மூணு மணி நேரம் சேத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கி, முட்டைய எடுக்கற மாதிரி எடுத்தேன். உடம்புல ஒரு கீறல் கெடையாது. வேற எவன் எடுத்திருந்தாலும் பல்லு குத்திக் கிழிச்சிருக்கும். முழுசாக் கொண்டாந்து குடுத்தேன் என் தங்கச்சிகிட்ட. அத ஒரு நாளாவது நெனச்சுப் பாத்திருப்பாளா?

மறுநாள் விசாரண. கம்பெனி இன்ஜினியர் வந்தாரு. அவருதான் சொன்னாரு, அந்த இருபத்தி ரெண்டு டன்னும் பெட்டி முழுக்கப் பரவி நிக்குதாம். ஒரு சாண் எடத்துக்குன்னு கணக்குப் பாத்தா, மனுஷன் பாதத்துல விழற கனத்த விடக் கம்மியாம். வண்டி நிக்கற எடத்துல ஆளு நிக்க முடியாதுங்கறாரு. எப்பிடி இருக்கு பாருங்க. அப்புறம் ஒருத்தர் எழுதினாரு. 'ஆபரேட்டர் எச்சரித்தும் கேளாமல் ஹெல்பர் தானாக இறங்கினார்.' அவராத்தான் எழுதினாரு. 'அப்படித்தானே?'ன்னாரு. தனசேகர் என்னப் பாக்கறாரு. நான் தலைய ஆட்டினேன். வாயத் தொறக்கல. தலைய ஆட்டறது சொல்றதாண்ணே?

அது இங்க வரைக்கும் வந்துடுச்சு. எந்தப் பேச்சுதான் ஊருக்கு வராம இருக்கு? டீக்கடையில ஒரே சிரிப்பு. சேத்துலயே பொறந்து வளந்தவன், வேணாம்னு சொல்லியும் சேத்துல எறங்கிச் செத்தான்னு. உப்பளத்துல யாராவது தப்பா கால் வச்சா, 'ஏய் தாமோதரா'ன்னு கூப்புடறாங்களாம். அவன் பையனப் பள்ளிக்கூடத்துல அப்பிடிக் கூப்புட்டு அழ வச்சிருக்காங்க. இப்ப வீட்டையே காலி பண்றாங்கன்னா அதுக்குத்தான். வேற என்னா? சொந்த வீடுண்ணே அது.

மாமா மட்டும் நம்பல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு என்ன உக்கார வச்சாரு. அஞ்சலாட்சி கதவோரமா நின்னுக்கிட்டு இருந்தா. 'கலியமூர்த்தி, எம்மவன் கேக்காம கால வைக்க மாட்டான். விசாரணையில யாரு என்னா எழுதினாங்க, அதெல்லாம் எனக்கு வேணாம். நிக்குமான்னு உன்னக் கேட்டானா இல்லியா? அத மட்டும் சொல்லு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல'ன்னாரு. நான் 'இன்ஜின் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல மாமா'ன்னேன். அஞ்சலாட்சி உள்ள போயிட்டா. அன்னையிலேருந்து பேச்சு நின்னு போச்சு. ஒவ்வொரு மாசமும் வரேன், மாமா அதே ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு அதையேதான் கேக்கறாரு. நானும் இன்ஜின் சத்தம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

என்னாண்ணே? நெசமாவே கேக்கலியான்னா?

டீய குடிங்க, ஆறுது.

கேட்டான்ணே. கேக்காம இருப்பானா? பத்து தடவ கேக்கறவன் அங்க கேக்காம இருப்பானா? என்ன நேராப் பாத்து, 'நிக்குமா மச்சான்?'ன்னு கேட்டான். இன்ஜின் சத்தமாவது ஒண்ணாவது. தெளிவாக் கேட்டுது. நான் 'இம்மாம் பெரிய வண்டியே நிக்குது, நீ நிக்க மாட்டியாடா? எறங்குடா, ஊரே பாக்குது'ன்னேன். அவன் சிரிச்சான்ணே. 'சரி மச்சான்'னு சிரிச்சுக்கிட்டே எறங்கினான்.

எனக்குத் தெரியாதுல்ல. கனம், சாண், கணக்கு, அதெல்லாம் இன்ஜினியர் அப்புறம் வந்துதான சொன்னாரு? புஸ்தகமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. ட்ரெய்னிங்கா? ட்ரெய்னிங் குடுத்தாங்க, பத்து நாளு. அதுல மொத நாளே ஒரு கூத்து. எங்கள ஒவ்வொருத்தனா இடுப்புல கயிறு கட்டி பெட்டியிலேருந்து செடி மேல எறக்கினாங்க. எனக்குத் தொட வரைக்கும் போயிடுச்சு. நான் 'அய்யோ, அம்மா'ன்னு கத்தின கத்துல எல்லாரும் வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. ஒரு ஷூ அங்கயே போச்சு. இன்னும் அந்தச் சேத்துலதான் கெடக்கும். அது வேறண்ணே. அது ட்ரெய்னிங்கு. அதுக்கும் இதுக்கும் ஏன் முடிச்சுப் போடறீங்க?

சொன்னா என்னா ஆவும்னா கேக்கறீங்க? வண்டிய விட்டு எறக்கிடுவாங்க. அப்புறம் நான் யாரு? நாப்பத்தாறு வயசுல மறுபடி நெல்லறுக்கப் போவச் சொல்றீங்களா? இப்ப வேற ஏரியில அதே வண்டிதான் ஓட்டறேன். ஹெல்பர் எவனும் என் வண்டில தங்க மாட்டேங்கறான், அது வேற. வண்டில உக்காந்தா அந்தப் பக்கெட்டு கண்ணு முன்னாடிதான் ஆடிக்கிட்டு இருக்கும். பல்லப் பாக்காம ஓட்ட முடியுமா? எனக்குச் சோறு எறங்கலண்ணே. யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்டதான் சொல்றேன். உங்கள இனிமே பாக்கப் போறதில்ல, அதனாலதான் சொல்ல வருது போல.

அவங்க எந்த ஊருக்குப் போறாங்கன்னு சொல்லுங்கண்ணே. நான் வந்து தொல்ல பண்ண மாட்டேன். மாசம் ஒரு தடவ தெரு முனையில நின்னு பாத்துட்டுப் போயிடுவேன்.

ஏன் அந்தப் பக்கம் பாக்கறீங்க? ஓ. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காளா? என்ன அடையாளம் சொல்லியே சொல்லியிருக்காளா, மரத்தடியில ஒருத்தன் உக்காந்திருப்பான், கேட்டா சொல்லாதீங்கன்னு? சரி. சரிண்ணே. நீங்க வாக்கு குடுத்துட்டீங்க, நான் கேக்கல. இவ்வளவு நேரமா நான் பேசறதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம்.

பீரோவ ஏத்திட்டாங்க. அய்யய்யோ, கயிறக் கட்டறானுங்க பாருங்க, இது என்னா முடிச்சு? முதல் திருப்பத்துலயே சரிஞ்சிடும். விடுங்கப்பா, விடு. நான் கட்டறேன். இத யாரும் புடுங்க மாட்டாங்க. வண்டி ஒங்களோடது, கயிறு ஒங்களோடது. நீங்க அந்த முனைய இழுத்துப் புடிங்கண்ணே.

அண்ணே, இப்பிடி வாங்க. மெதுவாப் பேசுங்க. எனக்கு ஒண்ணு தோணுது. நீங்கதான அவங்கள ஏத்திக்கிட்டுப் போறீங்க. மாமா முன்னாடிதான் உக்காருவாரு. ஊரு எல்லையத் தாண்டினப்புறம், நல்லாத் தாண்டினப்புறம், நீங்க அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. 'கேட்டாராம்'னு. அவ்வளவுதான். அவருக்குப் புரிஞ்சிடும். வேற ஒண்ணும் சொல்ல வேணாம். நான் என்னா சொன்னேன், சிரிச்சான், அதெல்லாம் வேணாம். 'உங்க மவன் கேட்டாராம்.' அது போதும் அவருக்கு. பேரனுக்குச் சொல்லுவாரு. சொல்றீங்களா? சத்தியமா? எனக்கு நெஞ்சுலேருந்து ஏதோ எறங்கின மாதிரி இருக்குண்ணே. இத மொதல்லயே பண்ணியிருக்கலாம்.

மாமா எந்திரிச்சிட்டாரு. இந்தப் பக்கம்தான் வராரு. என்கிட்டயா வராரு? வண்டிக்குத்தான. இல்ல, என்கிட்டதான் வராரு. அவரு காலப் பாத்தீங்களா, உப்புல வெந்து போன காலு. அஞ்சலாட்சியும் பின்னாடி நிக்கறா பாருங்க. என்னப் பாக்கறா. பதினோரு மாசத்துல மொத தடவையா நேராப் பாக்கறாண்ணே.

வாங்க மாமா.

ஒண்ணு சொல்லணும் மாமா. நான் வந்து... இந்த பீரோவுல கண்ணாடி இருக்குல்ல, போற எடத்துல பாத்து எறக்கச் சொல்லுங்க. கண்ணாடிப் பக்கம் மேலயே இருக்கட்டும். அவ்வளவுதான் மாமா. வெயில்ல நிக்காதீங்க, ஏறுங்க.

ஏறிட்டாரு. ஒண்ணும் கேக்கல பாத்தீங்களா? இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. சும்மா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னாரு. அஞ்சலாட்சி பையனத் தூக்கிக்கிட்டு பின்னாடி ஏறிட்டா.

அண்ணே, ஸ்டார்ட் பண்ணாதீங்க, ஒரு நிமிஷம். காதக் குடுங்க. நான் சொல்லச் சொன்னேன் இல்ல, ஊரு எல்லையத் தாண்டினப்புறம்னு? வேணாம். சொல்லாதீங்க. உங்களுக்கு எப்பிடித் தெரியும்னு கேப்பாங்க, அது எங்கெங்கயோ போவும். நான் உங்ககிட்ட என்னா சொன்னேன், நீங்க என்னா கேட்டீங்க? டீ குடிச்சோம், கயிறு கட்டினேன். அவ்வளவுதான். போங்கண்ணே, நேரமாவுது.